புது ஊரும் பழைய அடுப்பும்



அரசாங்க சேவையில் உள்ளவர்களுக்கு இடமாற்றம் என்பது நன்கு அறிமுகமான விருந்தாளி. அழைக்காமலே வரும், வந்தால் மறுத்தனுப்ப இயலாது. கடிதம் கைக்குக் கிடைத்ததும் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குகிறோம். பாயையும் தலையணையையும் கட்டுகிறோம். பாத்திரங்களைச் சாக்கிலே இடுகிறோம். ஆயினும் வீட்டுக் கிணற்றையும், வேலியோரத்து முருங்கையையும், விடியற்பொழுதில் சைக்கிளிலே மீன் கொண்டுவருபவரையும் எவராலும் கட்டி எடுத்துச் செல்ல முடிவதில்லை. அலுவலகமும் பாடசாலையும் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே வகையானவை. ஊர் மாறியதை நமக்கு மெய்யாக உணர்த்துவது அடுக்களையே.

புதுக் குடித்தனம் வந்த கணவனும் மனைவியும் தம் சமையலின் வாயிலாக ஒரு நகரத்தை எவ்வாறு அறிந்துகொள்கின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. என் இல்லத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் என் மனைவியாரும் வடமராட்சியிலிருந்து தெகிவளைக்கு வந்தோம். இருவரும் ஆசிரியர்கள். மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சிறு குசினியும் வாடகைக்குக் கிடைத்தன. கீழ்த்தளத்தில் வீட்டுக்குரியவரான சிங்கள மூதாட்டியார் ஒருவர் தனியே வாழ்ந்தார். மதிலுக்கு அப்பால் ஓர் இஸ்லாமியக் குடும்பம். எங்கள் ஊரிலே என் தலைமுறை ஆண்மகன் அடுக்களைக்குள் நுழைவது குடிக்கத் தண்ணீர் கேட்பதற்காக மட்டுமே. இங்கேயோ இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பினோம்; பசியும் ஒரே நேரத்திலேயே வந்தது. ஆகவே தேங்காய் துருவுவது முதல் வாரத்திலேயே என் பங்காயிற்று. தேங்காய்ப்பூ வெள்ளையாக விழ வேண்டும், துருவலை சிரட்டையைத் தொடலாகாது என்பது என் மனைவியார் இட்ட முதற் கட்டளை. சில மாதங்களில் சொதி வைக்கும் அதிகாரமும் எனக்குக் கையளிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒரே அடுப்பின் முன்னே நின்று பழகியதையும் அந்த இடமாற்றம் தந்த நன்மைகளுள் ஒன்றாகவே கொள்கிறேன்.

புது ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் அறிமுகம் தண்ணீருடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுநீர் அதனைக் கரைத்துக்கொண்டு வருகின்றது; கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவதும் அதுவே. அத்தகைய வன்னீரில் பருப்பு மெதுவாகவே அவியும். கொழும்புப் பகுதிக்குக் குழாய்வழியே வரும் நீரோ பெரும்பாலும் களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் பெறப்படுவது, அது மென்னீர். ஊர்க் கணக்கின்படி அடுப்பிலே வைத்த பருப்பு இங்கே வெகு விரைவிற் குழைந்துவிட்டது. தேநீரும் தெளிந்து செந்நிறமாக இறங்கிற்று. பூகோளப் பாடத்திலே பல ஆண்டுகள் படிப்பித்த செய்தியை ஒரு கோப்பைத் தேநீர் கண்முன்னே காட்டியது.

இரண்டாவது அறிமுகம் கறித்தூள். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகிய யாவும் வறுபட்டு, இடிபட்டு ஒன்றாகக் கலந்திருக்கும். ஒரு கரண்டி போட்டால் உறைப்பும் மணமும் நிறமும் ஒருங்கே வந்துவிடும். சிங்கள இல்லங்களிலே மிளகாய்த்தூளைத் தனியே வைத்துக்கொள்கிறார்கள். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் முதலியவற்றைச் சேர்த்த தூளுக்குத் ‘துனபஹ’ என்று பெயர். அதிலும் இரு வகை உண்டு: வறுக்காதது மரக்கறிகளுக்கு, கருநிறம் வரும்வரை வறுத்தது இறைச்சிக்கும் சில மீன் கறிகளுக்கும். கீழ்வீட்டு மூதாட்டியார் இதனை என் மனைவியாருக்கு விளக்கியபோது ஒரு போத்தலை ஒரு கையிலும் மற்றொரு போத்தலை மறு கையிலும் வைத்துக்கொண்டு, மூக்கருகே மாறிமாறிப் பிடித்துக் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் மனைவியாருக்கு அப்போது சிங்களம் தெரியாது. எனினும் பாடம் குறைவின்றி நடந்தேறியது. தூள் வேறு, மிளகாய் வேறு என்று பிரிந்திருப்பதால், கறியின் மணம் குறையாமலே உறைப்பைக் குறைக்கலாம் என்னும் நன்மையை நாங்கள் கண்டோம். எல்லாம் ஒன்றாக வறுபட்டிருப்பதால் வரும் ஆழ்ந்த சுவையை அவர் எங்கள் தூளிலே கண்டார். அடுத்த முறை ஊரிலிருந்து தூள் இடித்து வந்தபோது, அதில் ஒரு போத்தல் கீழ்வீட்டுக்கென்று தனியே எடுத்துவைக்கப்பட்டது.

அவரை நாங்கள் ‘ஆச்சி’ என்றே அழைத்தோம். அச்சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சிங்களத்திலும் பாட்டியாருக்கு ஆச்சி என்றே பெயர். அவர் என் மனைவியாரைத் ‘துவ’ என்பார். மகளே என்பது அதன் பொருள்.

ஞாயிறு தோறும் ஆச்சியாரும் என் மனைவியாரும் சந்தைக்குச் செல்வர். நான் பையைச் சுமந்து பின்னே நடப்பேன். அங்கே நாங்கள் கண்ட புதுமை, புதுமை என்று நாம் எண்ணுபவற்றுட் பல நமக்குப் பழையவை என்பதே. ‘முக்குணுவென்ன’ என்று கட்டுக்கட்டாக விற்றது எங்கள் பொன்னாங்காணி. ‘கொட்டுகொல’ என்பது வல்லாரை. ‘கத்துருமுருங்கா’ என்றது அகத்தி. ‘ரணவரா’ என்று குடிநீருக்காக உலர்த்தி விற்கும் மஞ்சட்பூ, எங்கள் தரவைகளிலே பூத்துக்கிடக்கும் ஆவாரை. ‘பரிப்பு’ என்பது பருப்பு. இடியப்பத்தையும் பிட்டையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எங்கள் கீரை வறையும் அவர்களுடைய ‘மல்லுங்’ என்பதும் அக்கா தங்கை போன்றவை. நாம் தாளிதம் செய்து வறட்டுகிறோம். அவர்கள் எண்ணெயை ஒதுக்கித் தேங்காய்ப்பூவோடு மெல்ல வாட்டித் தேசிப்புளி விடுகிறார்கள். நோயாளிக்கென்று எங்கள் ஊரிலே காய்ச்சும் இலைக்கஞ்சியை இங்கே ‘கொல கெந்த’ என்னும் பெயரில் நல்ல உடம்புடையோரும் காலையுணவாகப் பருகுகின்றனர். பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. எங்களுக்கோ பனங்கட்டி. ஈரமண்ணில் கித்துள், வரண்ட மண்ணில் பனை. மண்ணுக்கேற்ற மரம் மாறுகின்றது. கஞ்சியோடு கடிக்கும் இனிப்பு மாறவில்லை.

உண்மையிலேயே புதியதாக எங்களுக்கு வாய்த்தது கொறுக்காய்ப்புளி. நாம் மீனுக்குப் பழப்புளி கரைப்பவர்கள். தென்னிலங்கையில் கொறுக்காயின் சுளைகளை உலர்த்திக் கறுப்பாக வைத்திருப்பர். அதனை ஊறவைத்து, மிளகும் உப்பும் சேர்த்து விழுதாக அரைத்து, சூரை போன்ற தசைப்பற்றுள்ள மீனின் துண்டுகளில் நன்றாகப் பூசி, மட்சட்டியில் வாழையிலை விரித்து அடுக்கி, சிறிதளவு நீர் விட்டு, அது முற்றாக வற்றும்வரை மெல்லிய தணலில் வைப்பர். இதுவே ‘அம்புல் தியல்’. பாற்குழம்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. புளிப்பும் வறட்சியும் கிருமிகளை அண்டவிடாதபடியால், குளிர்சாதனப் பெட்டி இன்றியே சில நாள்கள் கெடாமலிருக்கும். கடலில் ஒரு நாள் மீன் மிகுதியாகப்பட்டு மறுநாள் வெறுங்கையோடு திரும்பும் கரையோர மக்கள் கண்டுபிடித்த சேமிப்பு அது. நாம் கருவாடு போடும் தேவைக்கு அவர்கள் கண்ட மறுமொழி என்று கொள்ளலாம். ஆச்சியார் அருகே நின்று சொல்லச்சொல்ல, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியார் அதன் பக்குவத்தைக் கைக்கொண்டார். விழுது கையில் ஒட்டாமல் மீனில் ஒட்ட வேண்டும் என்பதே அதன் சூட்சுமம்.

மதிலுக்கு அப்பாலிருந்து நோன்பு மாதத்திலே மாலை தோறும் ஒரு பாத்திரம் வரும். ரம்பையும் தேங்காய்ப்பாலும் மணக்கும் நோன்புக்கஞ்சி அது. பெருநாளன்று வட்டிலப்பம் வரும். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்து ஆவியில் இறுகிய அந்தப் பண்டத்தை முதன்முறை உண்டபோது, நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. தமிழர் வீட்டு வழக்கப்படி, பிறர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தல் ஆகாது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும், ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் அதே பாத்திரத்தில் மதில் தாண்டின. சித்திரைப் புத்தாண்டில் ஆச்சியாரின் பாற்சோறு வைரத்துண்டங்களாக வெட்டப்பட்டு வரும். கூடவே வெங்காயமும் மிளகாயும் மாசியும் சேர்த்து இடித்த சம்பல். பாத்திரங்கள் இவ்வாறு போய்வந்துகொண்டேயிருந்தபடியால், எது எவர் வீட்டுப் பாத்திரம் என்பது ஈற்றில் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாமற் போயிற்று.

உணவிலே தூய்மை பேசுவோர் சிலர் உளர். ‘இது எங்களுடையது, அது அவர்களுடையது’ என்று கோடு கிழிப்பர். அவர்கள் ஒரு முறை தம் அடுக்களையைச் சுற்றிப் பார்ப்பது நன்று. குசினி என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. பாண் என்பதும் அவ்வாறே. நம் கறிக்கு உயிர் என்று நாம் போற்றும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக இப்பகுதிகளுக்கு வந்தது. அதற்கு முன் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தோம். மிளகைப் போன்ற காய் ஆதலால் மிளகாய் என்று பெயரிட்டோம். சிங்களவரோ வந்த மிளகாய்க்கு ‘மிரிஸ்’ என்னும் பெயரைக் கொடுத்து, மிளகை ‘கம்மிரிஸ்’, அதாவது ஊர் மிரிஸ் என்று வேறுபடுத்தினர். வந்தவரை ஏற்று, இருந்தவரையும் கைவிடாத வழி அது. பின்னர் வந்த ஒல்லாந்தர் 1796 இல் ஆட்சியை இழந்தனர். ஆனால் வாழையிலையில் சோறும் கறிகளும் பொதிந்து வேகவைக்கும் ‘லம்பிறைஸ்’ அவர்களின் வழித்தோன்றல்களான பறங்கியர் இல்லங்களிலிருந்து பரவிக் கொழும்பிலே நிலைத்துவிட்டது. ஆட்சிகள் போய்விடுகின்றன, அவை கொண்டுவந்த உணவு தங்கிவிடுகின்றது.

இதுவரை கூறியது பெற்றதைப் பற்றி. இழப்பதைப் பற்றியும் கூற வேண்டும். புது ஊரின் சுவையிலே மயங்கித் தன் அடுப்பை மறந்துவிடும் குடும்பங்களும் உண்டு. வெறுப்பினால் அல்ல, நேரமின்மையாலும் அலுப்பினாலும் மறக்கிறார்கள். ஒடியற்கூழை எடுத்துக்கொள்வோம். பனங்கிழங்கைப் பிளந்து, அவிக்காமல் வெயிலிலே காயவைத்தால் ஒடியல். அதனை இடித்தால் ஒடியல்மா. அந்த மாவை நீரிலே கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, மறுபடியும் நீர் விட்டுக் கசப்புப் போகும்வரை கழுவ வேண்டும். எத்தனை முறை என்று எந்தச் சமையற் புத்தகமும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாவில் வைத்துப் பார்த்தே அறிய வேண்டும். இத்தகைய அறிவு கையிலும் நாவிலும் மட்டுமே குடியிருப்பது. ஒரு தலைமுறை சமைக்காதிருந்தால் அது மறைந்துபோகும்.

என் மனைவியார் இதனை உணர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஊர்ச்சமையலுக்கென்று ஒதுக்கினார். ஒடியல்மா வெள்ளவத்தைக் கடைகளிற் கிடைக்கும்; ஆனால் மாமியார் இடித்தனுப்பும் மாவே தமக்கு வேண்டும் என்பார். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதச் சேவை 2014 ஐப்பசியில் மீண்டும் தொடங்கிய பின்னர், ஊரிலிருந்து வரும் உறவினர் எவரும் மாவோ, புழுக்கொடியலோ, நீற்றுப்பெட்டியோ இன்றி எங்கள் வாசற்படி ஏறியதில்லை. யாழ்தேவி எத்தனை பிரயாணிகளை ஏற்றி வந்ததென்று கணக்கெடுத்தவர் இருக்கலாம். அது ஏற்றி வந்த பனையோலைப் பெட்டிகளின் கணக்கை யார் அறிவார்?

பாடசாலை அதிபர் என்ற முறையிலும் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். இடைவேளை நேரத்தில் வகுப்பறைகளின் வழியே நடக்கும்போது பிள்ளைகளின் உணவுப் பெட்டிகளைக் காண்கிறேன். தலைநகரத்துப் பாடசாலையாதலால் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் உளர். மலையகத்துப் பிள்ளையின் பெட்டியில் ரொட்டியும் கட்டைச் சம்பலும். மட்டக்களப்புப் பிள்ளையிடம் பிட்டும் மீன்குழம்பும். மன்னாரிலிருந்து வந்த பிள்ளையிடம் கருவாட்டுக் கறி. சில பிள்ளைகள் மூடியை அரைவாசி திறந்து, மற்றவர் காணாதபடி உண்கின்றனர். கடையில் வாங்கிய பண்டத்தைக் கொண்டுவந்த பிள்ளையோ பெட்டியை அகலத் திறந்து வைத்திருக்கிறது. இக்காட்சி எனக்கு வருத்தம் தருவது. தன் வீட்டுச் சோற்றை மறைக்கும் பிள்ளை நாளடைவிலே தன் வீட்டையும், தன் தாயின் பேச்சையும் மறைக்கத் தொடங்கிவிடும். ஆகையினால் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: கிழமைக்கு ஒரு நாளாவது பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணுங்கள், ரொட்டி கொண்டுவந்த பிள்ளையிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி உண்ணுங்கள். ஆசிரியர் கேட்டு வாங்கிய உணவைப் பிள்ளை பின்னர் மறைப்பதில்லை.

தன் அடுப்பைக் காத்துக்கொண்டு அயலவரின் அடுப்பையும் கற்றுக்கொள்வது நல்ல பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். அது வாழ்வுக்கே துணை நிற்கும் என்பதை 2022 ஆம் ஆண்டு எங்களுக்குக் காட்டியது. அந்நியச் செலாவணி வற்றி, சமையல் எரிவாயு கிடைக்காமற் போன காலத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீதியோரங்களிலே வெற்று எரிவாயுக் கொள்கலன்கள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டு வரிசையாக நின்றன. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்தப் பங்குனி மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. மாடிவீட்டுக் குசினியிலே விறகு எரிக்க வழியில்லை. ஆச்சியாரின் வீட்டுப் பின்புறத்திலோ, பல ஆண்டுகளாக எவரும் கவனியாத மூன்று கல் அடுப்பொன்று இருந்தது. பொச்சும் சிரட்டையும் காய்ந்த தென்னை மட்டையும் அவர் வளவிலே கிடந்தன.

மூன்று வீட்டுக்கும் ஓர் அடுப்பு என்றாயிற்று. ஓர் அடுப்பிலே மூன்று வீட்டுக்குச் சோறும் கறிகளும் தனித்தனியே ஆக்குவதற்கு விறகும் பொழுதும் போதா. அப்போதுதான் என் மனைவியார் ஒடியற்கூழை நினைத்தார். ஒரே பானை, ஒரே தீ. மீன் விலை எட்டாத நாள்களில் நெத்தலிக் கருவாடு போட்டோம். மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் ஒரு பிடி அரிசியும் அவிந்தபின், முருங்கையிலையும் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, இறுதியிலே கழுவிய ஒடியல்மாவைக் கரைத்துவிட்டுத் துழாவினோம். துழாவும் வேலை எனக்கும் அடுத்த வீட்டுக் கனவானுக்கும் உரியது. மின்சாரமில்லாத இருளில், விளக்கொளியிலே, சிரட்டைகளிலும் கோப்பைகளிலும் எல்லோரும் குடித்தோம். ஆச்சியார் அதற்கு ‘யாப்பனே கெந்த’, யாழ்ப்பாணக் கஞ்சி என்று பெயரிட்டார். மறுநாள் அவருடைய அம்புல் தியல் மட்சட்டி அதே அடுப்பில் ஏறிற்று. சில நாள்களுக்கு மீன் சமைக்கும் விறகு மீதியாயிற்று. பஞ்சத்துக்கென்று முன்னோர் கண்ட உணவுகள் பஞ்சம் வந்த நாளிலே பயன் தந்தன. அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் அப்போது அருகே இருந்தன என்பதே பெரும்பேறு.

ஆச்சியார் இப்போது உயிரோடில்லை. அவர் மறைந்து சில மாதங்களின் பின், வெளிநாட்டிலே வாழும் அவருடைய மகளார் என் மனைவியாரைத் தொலைபேசியில் அழைத்தார். ‘அக்கா, அம்மா செய்யும் அம்புல் தியல் எனக்குச் செய்யத் தெரியாது. அம்மா இருந்தபோது கேட்டு வைக்கவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்’ என்றார். என் மனைவியார், தாம் கற்ற சிங்களத்திலே, கொறுக்காயை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, விழுது கையில் ஒட்டாமல் மீனில் ஒட்டும் பக்குவம் எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு சிங்களத் தாயின் சமையல், ஒரு தமிழ்ப் பெண்ணின் கையிலே காக்கப்பட்டு, அத்தாயின் மகளிடம் மீண்டது. இதைவிட நல்ல கணக்கை நான் என் உத்தியோக வாழ்விலே எந்தப் பதிவேட்டிலும் கண்டதில்லை.

வள்ளுவப் பெருந்தகையார் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்தார். புது ஊரிலே நாம் முதலில் விருந்தினர். பின்னர் விருந்து செய்வோர். இவ்விரண்டையும் செய்வதற்குக் கையிலே ஏதாவது இருக்க வேண்டும். தன் வீட்டுச் சமையலைக் கைவிட்டவனிடம் திருப்பிக் கொடுப்பதற்கு ஒன்றுமிராது. அயல்வீட்டுச் சமையலை வெறுப்பவனுக்குப் பெற்றுக்கொள்ள ஒன்றுமிராது.

ஆகவே, இடமாற்றக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளந் தம்பதிகள் எவரேனும் இருப்பின், அவர்களுக்குச் சிலவற்றைக் கூறி அமைகிறேன். பெட்டியிலே புத்தகங்களுக்கு நடுவில் ஊர்க் கறித்தூள் ஒரு போத்தலும் நீற்றுப்பெட்டி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். போன ஊரிலே முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குச் சென்று, தெரியாத கீரை ஒன்றின் பெயரைக் கேளுங்கள். அயலவர் தரும் பாத்திரத்தை இருகையாலும் வாங்குங்கள். உங்கள் ஊரில் ஆச்சிமார் இருப்பின், அவர்கள் சமையலை அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.